வயசின் மேல் பழி போடாதீர்கள்

"வயசாச்சுன்னா கால் வலிக்கத்தான் செய்யும்." இந்த ஒரு வாக்கியம் நம் வீடுகளில் பறித்த கால்கள் எத்தனையோ. சர்க்கரை உள்ளவரிடமும், நாற்பது வருடம் பீடி பிடித்தவரிடமும் அன்பாகத்தான் இதைச் சொல்கிறோம். சொல்லிவிட்டுத் தைலம் தேய்க்கிறோம்.

என் பெரியப்பா கடைத்தெருவுக்குப் போகும்போது ரேஷன் கடை எதிரே இருக்கும் மின்கம்பத்தடியில் நிற்பார். வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். இரண்டு நிமிடத்தில் மறுபடி நடப்பார். ஆறு மாதத்தில் அதற்கு முந்தைய கம்பத்திலேயே நிற்க ஆரம்பித்தார். "கெண்டைக்கால் கவ்விப் பிடிக்குதுடா" என்பார். "இந்த வயசுல இவ்வளவு நடக்கறதே பெரிசு பெரியப்பா" என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

அவரை அங்கே நிறுத்தியது வயசு அல்ல. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிவிட்டது. சும்மா இருக்கும்போது அந்த ரத்தம் போதும். நடக்கும் தசைக்குப் போதாது, அதனால் வலிக்கிறது. நின்றால் விட்டுவிடும். மூட்டுத் தேய்மானம் இப்படி இருக்காது, அது எழும்போதும் படியேறும்போதும் குத்தும். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டால், உட்கார்ந்தாலோ குனிந்தாலோதான் வலி குறையும். ஏறக்குறைய ஒரே தூரத்தில் வலி வந்து, வெறுமனே நின்றாலே போய்விடுகிறதா? ரத்தக்குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நம் பேச்சிலும் ஒரு கோளாறு இருக்கிறது. நமக்கு எல்லாமே நரம்பு. ஊசி ஏற்றுவது நரம்பில். காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும் சிரையும் நரம்பு. உணர்ச்சியைக் கொண்டுபோகும் நிஜமான நரம்பும் நரம்பு. ரத்தம் கொண்டுபோகும் அந்தக் குழாய்க்கான தமனி என்ற சொல் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. வாயில் வராத ஒன்றுக்கு நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்? "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் வைத்து, சிவப்பு நிற வைட்டமின் ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ஊசி அடைப்பில் ஒரு மயிரிழையைக்கூடக் கரைக்காது.

பெரியப்பாவை மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர்கூடச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையில் பார்த்த அளவால் வகுத்தால் 0.9க்குக் கீழே வருகிறதா என்று தெரிந்துவிடும், வந்தால் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் இறுகிப்போய் அந்த அளவு பொய்யாகக் கூடலாம், அவர்களுக்குக் கால்விரலில் பார்க்க வேண்டும். இதற்குக் கத்தி வேண்டாம், ஊசியும் வேண்டாம்.

பிறகு இரவில் வலிக்க ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம். பெரியம்மா பாசத்தோடு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். சர்க்கரையால் மரத்திருந்த பாதத்துக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம் வந்தது, கட்டைவிரல் கறுத்தது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வயசைக் காரணம் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர் முதன்முதலாகக் குழாய்வழி அடைப்பை விரித்தது இதயத்தில் அல்ல, காலில். நோயாளி 82 வயது மூதாட்டி. விரல் அழுகியும் காலை எடுக்க மறுத்தவர், தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். இன்னொரு பக்கம், லியோ பர்கர் 1908ல் விவரித்த ரத்தக்குழாய் அடைப்பு நோய் பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே வருகிறது. புகையிலைதான் காரணம், அதை அடியோடு விடுவதுதான் முதல் சிகிச்சை. பீடி பிடிக்கும் முப்பது வயதுக்காரரின் விரல் கறுக்கும்போது எந்த வயசைச் சொல்வீர்கள்?

"நடக்காதே, ரெஸ்ட் எடு" என்பதும் தவறு. புண்ணோ இரவு வலியோ இல்லாதவருக்கு நடைதான் மருந்து. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, அரைமணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதம். கூடவே கொழுப்புக்கும், ரத்தம் உறையாமலிருக்கவும் டாக்டர் தரும் மாத்திரைகளை விடக்கூடாது. காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைக்கலாம். இவர்களில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பில் போகிறவர்கள் அதிகம்.

இன்று வீட்டுப் பெரியவரின் செருப்பைக் கழற்றுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து பாதத்தின் மேலே போய் இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். உள்கணுக்காலுக்குப் பின்னாலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் துடிப்பு கிடைக்கவில்லை என்றால், இந்த வாரமே ரத்தக்குழாய் சிகிச்சை நிபுணரிடம் கூட்டிப் போங்கள்.