ஆஸ்கர் ஒளிபரப்பில் கத்தரிக்கு இடமில்லை: திரைப்படச் சங்கத்தின் நிலைப்பாடு

ஆஸ்கர் விழாவின் எல்லா விருதுகளும் நேரலையில் வழங்கப்பட வேண்டும். பேச்சு நேர வரம்பு எல்லா விருதாளர்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆஸ்கர் மேடையில் இந்தியத் தயாரிப்பாளர் ஒருவர் பேச முடியாமல் போனதால் 2023 மார்ச் 13 காலை இந்திய நேயர்களிடையே கிளம்பிய கோபத்தை அடுத்து இச்சங்கத்தின் செயற்குழு எடுத்திருக்கும் நிலைப்பாடு இது. முந்தைய சர்ச்சைகள் உறுப்பினர்கள் அறிந்தவையே என்பதால் தேவையான அளவுக்கு மட்டும் இங்கே நினைவூட்டப்படுகின்றன.

விழா நீளமாக இருக்கிறது என்ற நேயர் புகாரில் ஓரளவு நியாயம் உண்டு. ‘டைட்டானிக்’ படம் வென்ற 1998-இல் அமெரிக்காவில் சுமார் 5.5 கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி, 2021-இல் ஏறத்தாழ ஒரு கோடிக்குச் சுருங்கியது. விருதை வழங்கும் அகாடமி கவலைப்பட்டதில் வியப்பில்லை. அதற்காகத் தொழில்நுட்பக் கலைஞர்களின் தலையில் கை வைத்ததுதான் அநியாயம். 2019-இல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, குறும்படம் ஆகிய 4 விருதுகளை விளம்பர இடைவேளையில் வழங்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். 2022-இல் அந்த நான்கு எட்டாகப் பெருகியது. படத்தொகுப்பு, ஒலி, பின்னணி இசை, கலை இயக்கம், ஒப்பனை, ஆவணக் குறும்படம், அனிமேஷன் குறும்படம், கதைக் குறும்படம் ஆகியவற்றை நேரலைக்கு முன்பே அரங்கில் கொடுத்து முடித்து, சுருக்கிய பதிவை நடுநடுவே செருகினார்கள். இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன், இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் உள்ளிட்டோர் கையெழுத்திட்ட எதிர்ப்புக் கடிதமும் பலிக்கவில்லை. ‘டியூன்’ படம் வென்ற 6 விருதுகளில் 4 இப்படித்தான் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு விழா மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியே ஓடியது.

அந்த எட்டு விருதுகளும் யாருக்கான வாசல் என்பதே இச்சங்கம் அழுத்திச் சொல்ல விரும்புவது. நடிப்பு விருதுகளின் பக்கம் இந்தியக் கலைஞர்கள் இதுவரை நெருங்கியதில்லை. இந்த எட்டில் அடங்கும் துறைகளுக்காகத்தான் 2009-இல் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் பின்னணி இசைக்கும், ரசூல் பூக்குட்டி ஒலிக்கலவைக்கும் மேடையேறினார்கள். ரஹ்மான் சென்னை இசைக்கலைஞர்களுக்கு நன்றி சொன்னார். ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழிலேயே சொன்னார். உலகமே பார்க்கும் மேடையில் தமிழ் ஒலித்ததை இங்குள்ளவர்கள் அந்த நொடியிலேயே கேட்டார்கள். 2022-இன் ஏற்பாடு அன்றே இருந்திருந்தால், அந்தத் தமிழ் வாக்கியம் தப்புவதும் வெட்டுப்படுவதும் ஒளிபரப்புக் குழுவின் கையில் இருந்திருக்கும். அதன் பொருள் அறியாதவர் அதை வைத்திருப்பாரா? ‘சிறிய விருது’ என்று ஒதுக்கப்படுபவைதான் ஹாலிவுட்டுக்கு வெளியே உழைப்பவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல்கள். முதலில் அவற்றையே அடைப்பதை எந்த நேர நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

2023-இல் 23 விருதுகளும் நேரலைக்குத் திரும்பின. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் முந்தைய ஆண்டின் சுமார் 1.66 கோடியிலிருந்து 1.87 கோடியாக உயர்ந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சங்கம் வாதிடவில்லை. எல்லா விருதும் நேரலையில் வந்தால் நேயர்கள் ஓடிவிடுவார்கள் என்ற வாதம் பொய்த்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறது.

ஆனால் வாசலைத் திறந்துவிட்டு வாயை அடைத்தார்கள். முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதையைச் சொல்லும் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணக் குறும்பட விருதை வென்றது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வ்ஸ் பேசி முடித்தார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச முற்பட்டபோது இசை எழுந்தது. அவர் பேசாமலே மேடையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. 45 வினாடி வரம்பு என்கிறார்கள். அதே காலையில் நட்சத்திரங்களின் பேச்சு நிமிடக்கணக்கில் நீண்டதையும் நேயர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். உள்நோக்கம் கற்பிக்க சங்கம் விரும்பவில்லை. இது அவமதிப்பு என்று சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கோபத்தில் தனிமனிதர்களை வசைபாடுவதைச் சங்கம் ஏற்கவில்லை. ஒளிபரப்பைப் புறக்கணிக்க வேண்டும் என்ற சில உறுப்பினர்களின் கோரிக்கை தற்போதைக்கு ஏற்கப்படவில்லை.

நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் தொகுப்பாளர்களின் நகைச்சுவையையும் இடைச்செருகல் நிகழ்ச்சிகளையும் முதலில் குறைக்கட்டும். கூட்டாக விருது பெறுவோரில் ஒருவருக்கு மேல் பேச வழி இருக்கட்டும். எல்லா விருதுகளையும் முழுதாகக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கும் பொருந்தும். பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சியாக வரும் விருது விழாக்களில் நட்சத்திர நடனம் முழுதாக வருகிறது, தொழில்நுட்ப விருதுகள் ஓரிரு நொடிக் காட்சிகளாகக் கடந்து போகின்றன. இந்த வழக்கமும் நிறுத்தப்பட வேண்டும்.