மழை இல்லாத ஊர்னு யாருய்யா சொன்னது?

சிவகாசி பத்தி யார் எழுதினாலும் முதல் வரி ஒண்ணுதான். "வானம் பார்த்த பூமி, விவசாயம் இல்லை, அதனால பட்டாசுத் தொழில் வளர்ந்தது." நம்ம பதிவுலக மக்களும் இதையே காப்பி பேஸ்ட் பண்ணிட்டிருக்காங்க. நான் எம்.புதுப்பட்டிக்காரன். அந்த 'அதனால'ங்கிற ஒரு வார்த்தைதான் என் கடுப்புக்குக் காரணம்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல கொட்டித் தீர்த்துட்டு, எங்களுக்கு வெறும் காத்தை அனுப்பும். உண்மைதான். ஆனா ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை இருக்கே? மாவட்டத்துக்கு வருஷம் சுமாரா 800 மில்லிமீட்டர். லண்டன்ல 600 சொச்சம்தான்! (லண்டன் வெயிலும் சிவகாசி வெயிலும் ஒண்ணாடான்னு கேட்பீங்க. ஒத்துக்கறேன், இங்க ஆவியாப் போறது ஜாஸ்தி.) கொஞ்ச நாள்ல மொத்தமாப் பெய்யுற மழையைப் பிடிச்சு வைக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் பெரியவங்க ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி வச்சாங்க. இப்ப வரத்துக்கால் முழுக்க சீமைக்கருவேலம், உள்ளே வண்டல், கரையோரம் ஆக்கிரமிப்பு. இதெல்லாம் மலையா வந்து பண்ணுச்சு?

சரி, வறட்சிதான் தொழிலைக் கொண்டு வந்துச்சுன்னா எங்களைவிட வறண்ட அனந்தப்பூர்ல ஏன் வரலை? 1922ல் அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. அதே வருஷம் வெள்ளைக்கார அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரியை ஏத்துச்சு. ரெண்டும் சேர்ந்து வேலை செஞ்சுது. பட்டாசு அதுக்கப்புறம் வந்தது. குச்சிக்கு மரம் கேரளாவுலேர்ந்து, கந்தகம் கப்பல்ல. எங்க ஊர் கொடுத்தது காயப்போட வெயிலும், குறைஞ்ச கூலிக்கு ஆளும்.

வெயில் இயற்கை. குறைஞ்ச கூலியுமா?

எங்கம்மா பத்து வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவங்க. விடியறதுக்கு முன்னாடி பஸ் வந்து பிள்ளைங்களை அள்ளிட்டுப் போகுமாம். (எங்க பக்கம் ஃபேக்டரிக்குப் பேரே ஆபீஸ்தான். எனக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சு, "ஆபீஸ் போறேன் அப்பத்தா"ன்னு சொன்னப்ப கிழவி பதறினது தனிக்கதை.) 1986ல் சட்டம் வந்துச்சு, பதினாலு வயசுக்குக் கீழே இந்த வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு. 1996ல் சிவகாசி வழக்குல உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லுச்சு. இன்னிக்கு அந்த மாதிரி பிள்ளைங்களை பஸ்ல அள்ளிட்டுப் போறதை நான் பார்க்கலை. நடுவுல மழை கூடிப்போச்சா, இல்ல மலைதான் நகர்ந்துச்சா?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முப்பது உயிருக்கு மேல போச்சு. ஒவ்வொரு விபத்துக்கும் "பாவம், வேற பொழைப்பில்லாத பூமி"ன்னு உச்சுக் கொட்டிட்டு அடுத்த பதிவுக்குப் போயிடறோம். ஒரு ரூம்ல அளவுக்கு மேல மருந்தையும் ஆளையும் அடைச்சு வைக்கிறதுக்குமா பூகோளம் பொறுப்பு? பூமி மேல பழி போட்டா யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை பாருங்க.

போன ஐப்பசியில ஊருக்குப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரம் வெளுத்து வாங்குச்சு. ரோட்டுல முழங்கால் தண்ணி. மறுநாள் காலையில கண்மாயைப் போய்ப் பார்த்தேன். வரத்துக்கால்ல சொட்டு இல்லை, உள்ளே ஆடு மேய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு.