படத்தை ஆட்டியது போன் அல்ல!

போன மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர், தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் போய் விட்டு வந்து, என் முன் மொபைல் போனை நீட்டினர்.

'தாத்தா... இந்தக் கல்வெட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லுங்க!'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. ஐந்து படங்களில் நான்கு அப்படித்தான். 'போன் பழசு தாத்தா. புதுசு வாங்கினா சரியாயிடும்' என்றான், அவர்களில் பெரியவன்.

குழந்தைகளே, இதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். படத்தை ஆட்டியது போன் அல்ல. அதை அமுக்கிய விரல். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானே அப்படி ஆட்டியவன் தான்!

கடந்த 1988ல், திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். அந்த ஊர் சிவன் கோவில் மண்டபச் சுவரில், பழைய கல்வெட்டு ஒன்று இருந்தது. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவது பற்றியது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வர். கோவிலில் திருப்பணி தொடங்கப் போவதாகப் பேச்சு. அதற்குள் படம் எடுத்து வைத்து விடலாம் என்று, தஞ்சையில் ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரிடம் கேமராவும், மூன்று கால் ஸ்டாண்டும் இரவல் வாங்கினேன்.

'இந்தக் கம்பியையும் எடுத்துட்டுப் போங்க சார்...' என்று, ஓர் அடி நீளத்தில் கறுப்பு உறை போட்ட கம்பி ஒன்றை நீட்டினார். 'ஸ்டாண்டு தான் இருக்கே... கம்பி எதுக்கு?' என்று, மேஜை மேலேயே வைத்து விட்டு பஸ் ஏறினேன். வாத்தியார் என்ற மிதப்பு!

மண்டபத்தில் நல்ல இருட்டு. ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும்படி வைத்து, விரலால் அமுக்கினேன். பிலிம் கழுவி வந்த போது, 12 படங்களும் கலங்கல். மறுபடி போகலாம் என்று தள்ளிப் போட்டேன். அரையாண்டுத் தேர்வு வந்தது, பிறகு இடமாறுதல். சில ஆண்டுகள் கழித்துப் போன போது, சுவர் பளிச்சென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்திருக்கின்றனர். பிசுக்கோடு எழுத்தும் போய் விட்டது. அந்தச் சுவரில் இருந்ததற்குச் சாட்சியாக, என்னிடம் உள்ளவை அந்த 12 கலங்கல் படங்கள் மட்டுமே.

நண்பர் நீட்டிய கம்பிக்கு, 'கேபிள் ரிலீஸ்' என்று பெயர். உங்கள் சைக்கிளில் பிரேக் கம்பி இருக்கிறதல்லவா? உறைக்குள் ஓடும் கம்பி. அதற்கு ஒன்று விட்ட தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். பிரேக்கில் உள் கம்பி இழுக்கும். இதில் உள் கம்பி தள்ளும். ஒரு முனையில் உள்ள மரையை, கேமராவின் பொத்தானில் இருக்கும் துளையில் திருகி விட வேண்டும். மறு முனையில் ஊசி மருந்துக் குழல் போல ஒரு குமிழ். அதை அமுக்கினால், அந்தப் பக்கம் சின்ன ஊசி நீண்டு ஷட்டரைத் தட்டி விடும். கை கேமராவைத் தொடவே தொடாது. கம்பியை விறைப்பாகப் பிடிக்காமல், தொய்வாக வளைத்து விட வேண்டும். இல்லையேல், கையின் ஆட்டம் அதன் வழியே போய்ச் சேர்ந்து விடும்.

விரல் பட்டால் அப்படி என்ன ஆகி விடும் என்கிறீர்களா? ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, தம்ளரை விரலால் லேசாகத் தட்டுங்கள். தண்ணீர் நடுங்கி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகிறது, பார்த்தீர்களா? கேமராவும் அப்படித்தான் நடுங்குகிறது. அந்த நேரத்தில் தான் ஷட்டர் திறக்கிறது. கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கேமரா, சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும், சுவரில் அது பார்க்கும் இடம் 5 மி.மீ., நகர்ந்து விடும். கல்வெட்டில் ஒரு கோட்டின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு தானே! சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். படிக்க ஏற்கனவே சிரமம். இதில் கலங்கலும் சேர்ந்தால், 'ப' எது, 'ம' எது என்று யார் சொல்வது?

இதே தஞ்சையில், 1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், சென்னை அரசுக்காகப் படம் எடுத்தார். பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ராஜராஜன் கோவிலுக்குக் கொடுத்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள் உள்ள இடம் அது. அந்தக் காலக் கேமராவில் அமுக்கப் பொத்தானே கிடையாது. லென்ஸ் மூடியைக் கழற்றி, காத்திருந்து, மறுபடி மூட வேண்டும். அவ்வளவு நேரம் திறந்திருந்ததால், மூடியைக் கழற்றிய போது வந்த சிறு நடுக்கம் படத்தில் தெரியவில்லை. என்னுடைய எட்டில் ஒரு பங்கு நொடியோ, முழுக்க முழுக்க நடுக்கத்திலேயே கழிந்து விட்டது!

'இப்போது வரும் போன்களில் ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறதே...' என்று சில பெற்றோர் சொல்கின்றனர். இருக்கிறது, வெளிச்சத்தில் நன்றாக உதவும். இருட்டு மண்டபத்தில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரவுப் படத்துக்கு, 'ஆடாமல் பிடி' என்று போனே சொல்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

தொன்மை மன்றம் நடத்தும் பள்ளிகள், புது போனுக்கும், கேமராவுக்கும் பணம் தேடும் முன், சில நூறு ரூபாயில் ஸ்டாண்டும், பழைய கேமரா இருந்தால் ஒரு கம்பியும் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. போனுக்குத் தனியாகக் கம்பி வேண்டியதில்லை. வயர் உள்ள இயர்போனில், சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கினால், பல போன்களில் படம் விழும். அதுவும் இல்லையா... டைமரை 3 நொடிக்கு வைத்து, கையை எடுத்து விடுங்கள். பெரிய கோவிலில் ஸ்டாண்டு வைக்க, தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அதனால், புத்தகப் பையைத் தரையில் வைத்து, அதன் மேல் போனைச் சாய்த்து நிறுத்துங்கள். எழுத்துள்ள சுவரில் மட்டும் சாய்க்காதீர்கள். பிளாஷும் வேண்டாம், நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பள்ளம், மேடு தெரியாது. சாய்ந்து விழும் மாலை வெயில் தான், கல்லில் எழுத்தை எடுத்துக் காட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்த நான்கு பேரும் பையோடு மறுபடி போனார்கள். அதே பழைய போன். இரவு ஏழு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவன் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டே வந்தான்.

'தாத்தா... இது 'ட' தானே?'

'ட' தான். அதற்குப் பக்கத்தில் இருந்த எழுத்தை நான் சொல்லவில்லை. நான்கு பேரும் தலையை முட்டிக் கொண்டு தேடிக் கொண்டிருந்தனர்.