யார் மானம் கப்பலேறியது?

'மானம் கப்பலேறிப் போச்சு' என்று ஊர்த்தெருவில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் நாவலூரிலும் சொல்வார்கள். சேரியிலிருந்து கப்பலேறியது மானம் இல்லை, மனுசங்க. பொண்டாட்டி, புள்ளை, கைக்குழந்தையோடு ஏறினார்கள். ராஜேந்திர சோழன் கடாரம் போன கப்பலை எழுதி எழுதிக் கை ஓயாத தமிழறிஞர்கள் கண்ணுக்கு இந்தக் கப்பல் மட்டும் தெரிவதில்லை. நானும் தமிழ் எம்.ஏ. படித்த ஆள்தான். கடல்மல்லைத் துறைமுகப் பெருமையை வகுப்பில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. கூலிக்கப்பல் என்ற சொல் ஒரு தடவைகூட அந்த வகுப்பறைக்குள் வரவில்லை.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் போய்ச் சேர்ந்தது. ஏறியவர்கள் 342 பேர். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகில் அலையை உடைத்துக்கொண்டு போய்த்தான் ஏற வேண்டும். அதுவரைக்கும் ஏரிக்கரையைத் தாண்டாத பொம்பளை, இடுப்பிலே புள்ளையைக் கட்டிக்கொண்டு அந்த அலையிலே போயிருக்கிறாள்.

இப்படிப் போன கூலிக்கப்பல்களில் குடும்பம் நடத்துவது எப்படி? ஒண்டி ஆண்கள் முன்பக்கம், ஒண்டிப் பெண்கள் பின்பக்கம், குடும்பஸ்தர்கள் நடுவில். கீழ்த்தட்டில் ஆளோடு ஆள் ஒட்டிப் படுக்கை. புயல் வந்துவிட்டால் மேலே ஏறும் வழியை மூடிவிடுவார்கள். உள்ளே இருட்டு, வாந்தி, புள்ளைகள் அலறல். தட்டம்மை வந்தால் முதலில் போவது குழந்தைதான். புதைக்க மண் கிடையாது, கடல்தான். 1884 மே 11 அன்று, கல்கத்தாவிலிருந்து போன 'சிரியா' என்ற கப்பல் பீஜித் தீவின் நசிலாய் பாறைத்திட்டில் மோதி உடைந்தது. 59 பேர் செத்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் ஒரு முற்போக்கு நண்பர் உடனே கேட்கிறார்: "கப்பல்ல சாதி கரைஞ்சி போச்சே தோழர், அதைச் சொல்ல மாட்டீங்களா?" ஒரே கப்பலில் வந்தவர்கள் இறங்கிய கரையில் உறவாகிப்போனது நிஜம். மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் கரண்டி பிடித்தது யார், விளக்குமாறு பிடித்தது யார்? மற்றவன் சாப்பிட மாட்டான் என்று பண்டாரி வேலைக்குப் பெரும்பாலும் மேல்சாதி ஆளாகப் பார்த்து எடுத்தார்கள். தட்டைக் கூட்டிக் கழுவ 'தோபாஸ்' என்று ஒரு வேலை. அது நம் ஆட்களுக்கு. பேர், அப்பன் பேர், வயசு, ஜில்லா, கிராமம் எழுதிய கப்பல் பட்டியலில் சாதிக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். எந்தப் புயலிலும் அந்தக் கட்டம் நனையவில்லை.

பெண்களைப் பற்றிய பேச்சு இன்னும் மோசம். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று விதி வைத்து ஆள் பிடித்தார்கள். டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்கள் உண்டு. உடனே 'ஒழுக்கம் கெட்டவள்' என்று முத்திரை. பிறகு 1910களில் தேசியத் தலைவர்கள் ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்தபோது, இந்தியப் பெண்ணின் மானம் போகிறதே என்று கண்ணீர் விட்டார்கள். முறை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் இங்கே ஆண்டையின் களத்துமேட்டில் அவளுக்கு என்ன மானம் வைத்திருந்தீர்கள் ஐயா?

ஏன் ஏறினார்கள் என்பதற்கு ஆவணம் இங்கேயே இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். பறையருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மிராசுதார் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். அந்த மண்ணைவிட ஆடுகிற கப்பல் பரவாயில்லை என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தது. அதைத் தலைவிதி என்று எழுதாதீர்கள், அது மிராசுக்கு எதிராகக் கால்களால் போட்ட ஓட்டு.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் எங்கே போனது? அதைக் கேட்டுத்தான் காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். இன்றைக்கு நாவலூர் ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம். நிலத்தைச் சதுர அடியில் அளக்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, கப்பல் பட்டியல்களை எடுங்கள். செங்கல்பட்டு ஜில்லா என்று இருக்கும் ஊர்ப்பேர்களைக் குறியுங்கள். தாலுகா ஆபீசில் அதே ஊர்களின் பஞ்சமி நிலக் கணக்கைக் கேளுங்கள். தர மாட்டேன் என்பார்கள். தரும் வரைக்கும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு சொல்லுங்கள், கப்பலேறியது யார் மானம் என்று.