நீலத் தண்ணீருக்குப் பூனை பயப்படுமாம்!

போன வாரம் எங்கள் தெருவில் இன்னொரு வாசலிலும் நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கிவிட்டது. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், குழாய்த் தண்ணீர், நாலு சொட்டு நீலம். "நாய் மட்டுமில்ல சார், பூனைகூட கிட்ட வராது" என்று எனக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில், காதறுந்த செவலைக் கடுவன் ஒன்று வாலை நிமிர்த்தி அந்தப் பாட்டில் மேலேயே பீய்ச்சிவிட்டுப் போனது. பக்கத்தில் அல்ல, பாட்டில் மேல்.

பூனைக்கு நீலம் நன்றாகவே தெரியும், சிவப்புதான் மங்கல். அரியாங்குப்பத்தில் படகு நீலம், வலை நீலம், தார்ப்பாய் நீலம். பயப்படுவதென்றால் இந்த ஊர்ப் பூனை ஒரு மத்தியாவது தின்றிருக்குமா? ஜப்பானிலேயே பாட்டில் வைக்கிறார்களாம். வைத்தார்கள்தான், வெறும் தண்ணீர். வெயில் அதில் குவிந்து தீப்பிடிக்கும் என்று அங்கே தீயணைப்புத் துறை எச்சரித்ததையும் சேர்த்துச் சொல்லுங்களேன்!

கடுவன் பீய்ச்சுவது எல்லை போட. இது என் இடம், பெட்டைகள் கவனிக்க, அவ்வளவுதான் சேதி. நீங்கள் கட்டிய பாட்டில் செவலைக்கு எல்லைக்கல்.

அடுத்தது பினாயில் கோஷ்டி. கடுவன் மூத்திரத்தில் ஃபெலினைன் என்றொரு அமினோ அமிலம் உண்டு. அது சிதைந்து கிளம்பும் கந்தகச் சேர்மம்தான் மூக்கைத் துளைக்கிறது. காரையில் ஊறியது ஐப்பசி ஈரத்தில் மறுபடி கிளம்பும். பினாயில் அதன் மேல் இன்னொரு நாற்றத்தைப் பூசும். பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷமும்கூட. ப்ளீச்சிங் பவுடர் கொட்டினால் மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு வரும். இருமப்போவது செவலை அல்ல, நீங்கள். என்சைம் கலந்த கிளீனரை ஊற்றி ஊறவிடுங்கள், போகும்.

அதுசரி, மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் தெருமுக்கில் கொட்டுவது யார்? பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து உட்காருகிறவர்கள்தான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன் அரிக்கமேட்டில் வண்ணக் கண்ணாடி மணி செய்து கடல் கடந்து விற்ற ஊர், இன்று வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுகிறது.

காயடித்துவிட்டால் பத்தில் ஒன்பது கடுவன் பீய்ச்சுவதை விட்டுவிடும், அல்லது வெகுவாகக் குறைக்கும். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. செவலையை நான் பிடித்துத் தருகிறேன். பாட்டில் கட்டியவர்கள் ஆட்டோவுக்குக் காசு போடுங்கள்.