வயலுக்குப் போனால் மட்டும் சார்ஜ் இறங்குகிறதா?

கேள்வி: “கீரையும் பூவும் போட்டிருக்கிறோம். வீட்டில் இருந்தால் போனில் சார்ஜ் இரவு வரை நிற்கிறது. தோட்டத்தில் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மோட்டாரையும் போனில்தான் ஓட்டுகிறோம். கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?”
– ஒரு வாசகி, நூம்பல்.

பதில்: அவசரப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம், அம்மா. பேட்டரி கெட்டிருந்தால் வீட்டிலும் நிற்காது. முதலில் சிக்னலைச் சந்தேகப்படுங்கள்.

டவர் தூரமாக இருந்தால், அதற்குக் கேட்கும்படி போன் தன் சக்தியைக் கூட்டிப் பேசும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2ஜி போன் அதிகபட்சம் 2 வாட் வரை அனுப்பும்; டவர் பக்கத்தில் இருந்தால் அதில் சிறு பங்கே போதும். டேட்டாவிலும் ஒரு விஷயம் உண்டு. ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி வந்தாலும், அதன்பிறகு சில விநாடிகள் போனின் ரேடியோ விழித்தே இருக்கும். குழுக்களில் இருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தால் அது உறங்குவதே இல்லை.

உரம் போடும் முன் மண்ணைப் பரிசோதிப்பதுபோல இதையும் அளந்து பாருங்கள். தோட்டத்தில் ஒரே இடத்தில், 80 சதவிகிதத்துக்கு அருகில் தொடங்கி, திரையை அணைத்து, ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரம் விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. விமான நிலை (ஏரோபிளேன் மோடு). அழைப்பு வராது; வீட்டில் சொல்லிவிடுங்கள்.
2. நெட்வொர்க் மட்டும், டேட்டா அணைத்து.
3. டேட்டாவும் போட்டு.

5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரியில் 1 சதவிகிதம் என்பது 50 எம்.ஏ.ஹெச். முதல் சோதனையிலேயே வேகமாக இறங்கினால் பேட்டரியையோ செயலிகளையோ பார்க்க வேண்டும். இரண்டாவதில்தான் கூடுகிறது என்றால் சிக்னல் பலவீனம். மூன்றாவதில் என்றால் டேட்டாதான் காரணம்.

சிக்னல் குறை என்றால், வரப்பு மேடு போல நன்றாகக் கிடைக்கும் இடத்தில் போனை வையுங்கள். 5ஜி விட்டுவிட்டு வந்தால் 4ஜிக்கு மாற்றுங்கள். டேட்டா குறை என்றால், அதை அணைத்து வைத்து, உழவன் செயலியில் சந்தை விலை, வானிலை எல்லாவற்றையும் ஒரே தடவையாகப் பாருங்கள். உங்கள் ஸ்டார்ட்டர் அழைப்பு அல்லது எஸ்.எம்.எஸ் மூலம் ஓடும் வகையென்றால் அதற்கு டேட்டா தேவையில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் மின்சாரமும் சிக்னலும் போனது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் விமான நிலையில் வைத்து, வீட்டாரிடம் பேசிவைத்த நேரத்தில் மட்டும் நெட்வொர்க்கைப் போடுங்கள். மிச்சமிருக்கும் சார்ஜ் ஆபத்துக்கு உதவும்.