கல்லில் ஏறாத பெயர்கள்

கல்வெட்டுக்குப் புகழ்பெற்றது நம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை விதிகளை இங்கே கல்லில் பொறித்தார்கள். போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டுவதும் தமிழர் மரபே. அத்தகைய மண்ணிலிருந்து இரண்டாம் உலகப்போருக்குச் சென்று திரும்பாத சிப்பாய்களை இன்று யார் நினைக்கிறார்கள்?

என் கொள்ளுத்தாத்தா அவர்களுள் ஒருவர். மலேயாவுக்குப் போனார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் கடிதம் இல்லை. 'காணவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்ததாம்; வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. கொள்ளுப்பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. ஏழாண்டு தகவல் இல்லையேல் இறந்தவராகக் கொள்ளலாம் என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். சட்டம் கணக்கை முடித்துவிடும், மனம் முடிக்குமா?

"இத்தனை காலம் கழித்துத் தேடி என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பயன் உண்டு. "அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான்" என்ற ஊர்ப்பேச்சுக்குச் சான்று ஒன்றே பதில் சொல்லும்.

வழியும் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, சிப்பாய் எண் ஆகியவற்றைக் கொண்டே ஆளை அடையாளம் காண முடியும். மாவட்டம் 'செங்கல்பட்டு' என்றிருக்கும்; காஞ்சிபுரம் மாவட்டம் 1997இல் பிறந்ததன்றோ! ஒரே பெயரில் பலர் இருப்பதால் என் தேடல் இன்னும் நீள்கிறது.

லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பதிவேடுகளை 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினர். முதல் உலகப்போரில் பணியாற்றிய பஞ்சாப் வீரர் 3,20,000 பேரின் விவரம் அவற்றில் ஊர்வாரியாக உள்ளது. நாமும் தொடங்கலாமே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில் முதியவர்களைக் கேட்டு, பழைய தாள்களைப் பார்த்து, ஒரு பதிவேடு எழுதுவோம். பேராசிரியர்கள் வழிகாட்ட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இங்கே என்போல் பலர் உண்டு. நம் முன்னோருக்கு வந்த தாளை அவர்களால் படிக்க முடியவில்லை, நம்மால் முடியும். முதல் பட்டதாரியின் முதல் கடமை இதுவென்பேன்.